கெசையாவின் மகளும் பிரிந்துபோகும் உரிமையும்

அந்த 1867ஆம் ஆண்டில் எங்கள் மாநிலத்துக்கு மாநிலம் என்ற பெயர் இருக்கவில்லை. ஆறு ஆண்டுகளுக்கு முன்பு அது வர்ஜீனியா என்ற பெயரோடு அமெரிக்க ஒன்றியத்தை விட்டு வெளியேறியது. அப்படி வெளியேற முடியாது என்று ஒன்றியம் கூறியது. இதன்பொருட்டு நான்கு ஆண்டுகள் போர் நடந்து, வெளியேற முடியாது என்று கூறியவர்கள் வென்றார்கள். ஆகவே வர்ஜீனியா ஒருபோதும் வெளியேறவில்லை என்பது உறுதியாயிற்று. ஒருபோதும் வெளியேறாத அம்மாநிலம் மீண்டும் உள்ளே வருவதற்கு வேண்டிய நிபந்தனைகளை வாஷிங்டன் வகுத்தளித்தது. அவை நிறைவேறும்வரை அதற்கு முதலாம் படைமாவட்டம் என்று பெயரிட்டு, ஒரு தளபதியின் பொறுப்பில் விட்டது.

இன்னொன்றையும் இங்கே கூறிவிடுதல் நலம். எங்கள் மெரிவெல் மாவட்டத்தின் மேற்கெல்லை ஸ்பாங்லர் ஓடை. அதற்கு அப்பால் வசித்தவர்கள், ஒன்றியத்தை விட்டு எவரும் பிரியக் கூடாது என்ற கொள்கையில் உறுதியாக நின்றவர்கள். அந்த உறுதியின் காரணமாகப் போரின் நடுவே அவர்கள் வர்ஜீனியாவை விட்டுப் பிரிந்து மேற்கு வர்ஜீனியா ஆனார்கள். பிரியும் உரிமைக்காகத் தம் புதல்வர்களைப் பறிகொடுத்த எங்கள் பெரியமனிதர்களோ, இவ்வாறு பிரிவது சட்டத்துக்கே அடாத செயல் என்று கொதித்தார்கள். இதில் விந்தை ஏதும் இருப்பதாக இரு கரையிலும் எவருக்கும் தோன்றவில்லை.

கெசையா என்னும் சலவைப் பெண் இவற்றைப் பற்றி ஒருபோதும் நினைத்ததில்லை. அவளுக்கு வேண்டியிருந்தது மகள் லெட்டி. போர் முடிந்து அடிமைத்தளை நீங்கிய இலையுதிர் காலத்தில், கெசையா பக்கத்து ஊரில் படைவீரர்களின் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது, மாவட்ட நீதிமன்றம் அவளுக்குத் தெரிவிக்காமலே ஓர் ஆணை பிறப்பித்தது. லெட்டி தந்தையற்ற கறுப்பினச் சிறுமி, ஆகவே ஆதரவற்றவள், ஆகவே பதினெட்டு வயது நிறையும்வரை வீட்டுவேலை பயிலும்பொருட்டு மாண்புமிகு கர்னல் ஸ்ட்ராதர் அவர்களிடம் ஒப்படைக்கப்படுகிறாள் என்றது அவ்வாணை. லெட்டியின் தந்தையைப் போருக்கு முன்பு ஜார்ஜியாவுக்கு விற்றவர் கர்னல் ஸ்ட்ராதர்தாம். லெட்டி பிறந்து வளர்ந்து வேலை செய்ததும் அவர் இல்லத்தில்தான். அங்கே அவள் புதிதாகப் பயில வேண்டியது என்ன என்பதை ஆணை கூறவில்லை.

தேவாலயச் சபையில் செய்தித்தாள் வாசித்துக் காட்டும் பெரியவர் ஒருவர் கெசையாவுக்கு நம்பிக்கை அளித்தார். "அந்த ஆணையில கையெழுத்துப் போட்ட ஜட்ஜு மேனார்ட், போர்க்காலத்துல பதவிக்கு வந்தவரு. பிரிஞ்சுபோன கூட்டமைப்புக்குத்தான் சத்தியம் பண்ணினாரு. மாநிலம் பிரியவே இல்லன்னா, அவரு இல்லாத நாட்டுக்குல்ல சத்தியம் பண்ணியிருக்காரு! அப்போ அவரு ஜட்ஜே இல்ல. ஆணையும் ஆணையே இல்ல. தைரியமா மனு போடு தங்கச்சி."

கெசையா மனுப் போட்டாள். அம்மனுவை விசாரிக்க வேண்டியவர் நீதிபதி மேனார்ட். தாம் நீதிபதிதானா என்பதைத் தாமே விசாரித்து முடிவு கூறுவதில் அவருக்குத் தயக்கம் இருந்ததாகத் தெரியவில்லை.

எங்கள் பக்கம் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை கோர்ட்டு நாள். அன்று மாவட்டமே நீதிமன்ற வாசலில் கூடிவிடும். குதிரை மாற்றுவோர், பல் பிடுங்குவோர், இஞ்சிக் கேக் விற்போர், பழைய சண்டையை விட்ட இடத்திலிருந்து தொடர்வோர் எனக் கூட்டம் நெரியும். போருக்குப் பின்பு இதனோடு ஒரு புதிய வழக்கமும் சேர்ந்தது. போர்க்கால நீதிபதிகளின் ஆணை எதையேனும் தொடுவதாயின், மாநிலம் உள்ளே இருந்ததா வெளியே இருந்ததா என்ற மூலக் கேள்வியை முதலில் தீர்க்க வேண்டும் என்று நீதிபதி விதித்திருந்தார். இரண்டு வழக்கறிஞர்கள் எதிரெதிரே நின்று மாதந்தோறும் அதைத் தீர்க்க முயன்றார்கள். சீமாட்டிகள் விசிறியும் கைக்குட்டையுமாக முன்வரிசைக்கு வந்து அமர்வார்கள். கறுப்பின மக்கள் பின்சுவரோரம் நின்று கேட்கலாம். அதற்கு யாரும் தடை சொன்னதில்லை.

"ஏம்மா கெசையா, உன் மனுவப் படிச்சேன்," என்றார் நீதிபதி பரிவோடு. "சின்ன மனுதான். ஆனா அதுக்குள்ள எவ்வளவு பெரிய விஷயம் இருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

"என் பொண்ணு இருக்காங்கய்யா."

"பொண்ண விடும்மா. அரசியல் சட்டம் இருக்கு!"

பிரியும் உரிமை உண்டு என்ற கட்சிக்கு வழக்கறிஞர் கைல்ஸ் எழுந்தார். அவருடைய பேச்சைக் கேட்க மூன்று மாவட்டங்களிலிருந்து ஆட்கள் வருவது வழக்கம்.

"கனவான்களே, சீமாட்டிகளே! இந்த ஒன்றியத்துல நம்மள யாரும் கட்டி இழுத்துட்டு வந்து சேர்க்கல. நாமளா இஷ்டப்பட்டுக் கையெழுத்துப் போட்டுச் சேர்ந்தோம். சேரும்போதே சொல்லிட்டோம், நாங்க குடுத்த அதிகாரம் எங்களையே நசுக்க வந்துச்சுன்னா திருப்பி வாங்கிக்குவோம்னு. இஷ்டப்பட்டு வந்தவன் இஷ்டப்பட்டுப் போகக் கூடாதா? போறேன்னு சொல்றவனப் போகவிடாம, துப்பாக்கிய நீட்டிப் பிடிச்சு வெச்சு வேலை வாங்கறதுக்கு உலகத்துல என்ன பேரு? சொல்லுங்க, என்ன பேரு?"

பின்சுவரோரம் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அடிமைத்தனம்!" என்று கைல்ஸ் தாமே விடை கூறினார். குரல் தழுதழுத்தது. முன்வரிசைக் கைக்குட்டைகள் கண்களுக்கு ஏறின. கர்னல் ஸ்ட்ராதர் அவர்கள், பிரியும் உரிமைக்காகப் போரில் இழந்த வலக்கையின் வெற்றுச் சட்டைக்கையை இடக்கையால் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

கெசையா ஓரடி முன்னே வந்தாள். "மன்னிக்கணுங்கய்யா. அப்போ என் பொண்ணும் இஷ்டப்பட்டா என்கூட வந்துரலாங்களா?"

மன்றத்தில் சிரிப்பு எழுந்தது. கைல்ஸ் கோபம் கொள்ளவில்லை, அவர் பண்பாளர்.

"இது மாநிலங்களோட உரிமைம்மா. உன் லெட்டி ஒரு மாநிலமா?"

"இல்லீங்கய்யா."

"அவ்வளவுதான்."

அடுத்து, பிரியும் உரிமை கிடையாது என்ற கட்சிக்கு வழக்கறிஞர் போக் எழுந்தார். வடக்கிலிருந்து வந்து குடியேறிய அவரைக் கண்டு கெசையாவுக்கு மூச்சு வந்தது.

"ஒன்றியம்னா கூட்டுவியாபாரம் இல்லீங்க, பிடிக்கலன்னா பங்கைப் பிரிச்சுட்டுக் கிளம்பறதுக்கு. அது குடும்பம்! ரத்தபந்தம்! தாயையும் பிள்ளையையும் பிரிக்கற அதிகாரம் இந்தப் பூமியில எந்தக் கோர்ட்டுக்கும் கிடையாது!"

"அதத்தாங்கய்யா நானும் சொல்றேன்," என்றாள் கெசையா. அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

போக் பேச்சை நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். "அம்மா, நீ நிஜத் தாய் பிள்ளையப் பத்திப் பேசற. நான் சொல்றது உவமை. ரெண்டையும் போட்டுக் குழப்பாத."

மூலக் கேள்வி அடுத்த கோர்ட்டு நாளுக்கு ஒத்திவைக்கப்பட்டது.

பழைய மருந்துக்கடையில் படைமாவட்டத்து கேப்டன் வைட்டிங் அலுவலகம் வைத்திருந்தார். கெசையா அங்கே சென்றாள். மாசசூசெட்ஸ்காரரான அவர் எழுந்து நின்று, நாற்காலி கொடுத்து, அவளை 'அம்மையார்' என்று அழைத்தார். அவள் வாழ்நாளில் அப்படி அழைத்தவர் வேறெவரும் இல்லை.

"உங்களுக்காகத்தான் அம்மையார், இத்தனை லட்சம் பேர் செத்தாங்க."

"ஆண்டவர் அவங்களுக்கு நல்லது செய்யட்டுங்கய்யா. என் பொண்ண வாங்கிக் குடுப்பீங்களா?"

"அந்த ஆணைய இப்பவே கிழிச்சுப் போட எனக்கு ஆசைதான். கலகக்கார அரசாங்கத்தோட ஆணையா இருந்தா கிழிச்சுடலாம். ஆனா வர்ஜீனியா ஒன்றியத்த விட்டுப் போகவே இல்லைங்கறதுதானே எங்க கட்சி? போகாத மாநிலத்தோட உள்ளூர்க் கோர்ட்டுல நாங்க தலையிட்டா, போயிடுச்சுன்னு நாங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமே!"

"போகலன்னா, ஐயா ஏன் துப்பாக்கியோட இங்க உக்காந்திருக்கீங்க?"

"இன்னும் திரும்பி வரலையே," என்றார் கேப்டன். தலைமையகத்துக்கு எழுதிக் கேட்பதாகவும், அதுவரை சுதந்திரத்தைப் பயமின்றி அனுபவிக்குமாறும் கூறி, வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கர்னல் வீட்டுச் சமையலறையின் பின்புறம் சற்றுநேரம் மகளைப் பார்க்க அவளுக்கு அனுமதி இருந்தது. அந்த வாரம் லெட்டி விரல்களை மடக்கி மறைத்துக்கொண்டு வந்தாள். கெசையா பிடித்து விரித்தாள். விரல்கள் கரும்பச்சையாகப் பிசுபிசுத்தன.

"வீட்டுவேலைன்னாங்களேடி?"

"புகையிலைக் காட்டுலம்மா. இலைக்கு அடியில புழு இருக்கும். பொறுக்கி நசுக்கணும்." லெட்டி கையை இழுத்துக்கொண்டாள். "ஒண்ணு ரெண்டு கண்ணுக்குத் தப்பிருதும்மா. கங்காணி பின்னாடியே வந்து பார்ப்பாரு. விட்டுப்போன புழுவ வாயில போட்டுக் கடிக்கச் சொல்வாரு."

கெசையா தன் பாவாடை ஓரத்தால் மகளின் வாயைத் துடைத்தாள். வாயில் ஒன்றும் இருக்கவில்லை. ஆனாலும் நெடுநேரம் துடைத்தாள்.

"எப்பம்மா கூட்டிட்டுப் போவ?"

"அவங்க பேசிட்டிருக்காங்க கண்ணு."

அடுத்த கோர்ட்டு நாள் தீர்ப்பு நாள் என்று அறிவிக்கப்பட்டிருந்தது. கர்னல் தம் வீட்டார், கங்காணி ஆகிய அனைவரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். நீதிபதி மேனார்ட் கனத்த தாள்கட்டு ஒன்றை விரித்து வாசிக்கலானார். இருபுறத்து வாதங்களையும் போற்றினார். தம் முன்னோர்களைப் போற்றினார். பின்னர் விஷயத்துக்கு வந்தார்.

"மாநிலம் சட்டப்படி வெளியேறியிருந்ததுன்னு வெச்சுக்குவோம். அப்போ அது தனி நாடு. தனி நாட்டோட நீதிபதி நான். நான் போட்ட ஆணை செல்லும். சரி, வெளியேறலன்னு வெச்சுக்குவோம். அப்போ அது எப்பவும்போல மாநிலம். மாநிலத்துக்கு ஒரு கோர்ட்டு வேணுமில்லையா? அந்தக் கோர்ட்டு நான்தான். நான் போட்ட ஆணை செல்லும்."

"அப்போ எதுக்குய்யா இத்தனை மாசம் பேசுனீங்க?" என்று கெசையா கேட்டாள். உரக்கக் கேட்டதாகத்தான் அவள் நினைத்தாள், எவரும் திரும்பவில்லை.

"இவ்வாறு முடிவு ஒன்றே ஆயினும்," என்று நீதிபதி எழுத்துநடைக்கு மாறி அடுத்த தாளைப் புரட்டினார், "மூலக் கேள்வி அதன் மேன்மையின்பொருட்டுத் தனியே ஆராயத்தக்கது."

அந்த ஆராய்ச்சி மாலைவரை நீளும் என்பது தாள்கட்டின் கனத்திலேயே தெரிந்தது. கெசையா பின்கதவு வழியாக வெளியேறினாள். வழிநெடுக ஓடினாள். புகையிலைக் காட்டில் பெரியவர் எவரும் இல்லை. இலைகளுக்கிடையே தலையை மட்டும் காட்டி நின்ற மகளின் கையைப் பிடித்து, "பேசாம வா," என்று மட்டும் கூறி, ஸ்பாங்லர் ஓடையை முழங்கால் நீரில் கடந்து மேற்குக் கரை ஏறினாள்.

அங்கே ஜேக்கப் ஹார்ன்பேக் தமது மாவு ஆலையின் வாசலில் அமர்ந்திருந்தார். அவர் அவ்வூரில் சிறு வழக்குகளைத் தீர்க்கும் சமாதான நீதிபதியுமாவார். கூரையில் ஒன்றியத்தின் கொடி பறந்தது.

"வாம்மா, வா! சுதந்திர மண்ணுக்கு வந்துட்ட. பாப்பா, இந்தா, மோர் குடி." லெட்டி குடித்து முடிக்கும்வரை அவர் அன்போடு பார்த்திருந்தார். "ஒரே ஒரு கேள்வி, சும்மா முறைக்குக் கேக்கறேன். பொண்ணு மேல கோர்ட்டு ஆணை ஏதும் இல்லையே?"

"மெரிவெல் கோர்ட்டு ஆணை இருக்குங்கய்யா. ஆனா அது ஒன்றியத்த விட்டுப் போன கோர்ட்டு..."

"'போன'ன்னு சொல்லாத!" ஹார்ன்பேக் எழுந்துவிட்டார். "அந்த வார்த்தைய எதிர்த்துத்தான் என் தம்பி செத்தான். வர்ஜீனியா போகல. போகவே முடியாது."

"சரிங்கய்யா, போகல."

"போகலன்னா அது நமக்குச் சகோதர மாநிலம்." அவர் முகம் மெல்ல மாறியது. "சகோதர மாநிலத்துக் கோர்ட்டு ஆணைய நாங்க மதிச்சாகணும். அரசியல் சட்டத்துலயே இருக்கு."

"ஒருவேளை போயிருந்தா, ஐயா?"

"போயிருந்தா அந்நிய நாடு. அந்நிய நாட்டு ஆணை இங்க எதுக்கும் ஆகாது. நீ பாட்டுக்கு உன் பொண்ணக் கூட்டிட்டுப் போலாம்."

கெசையா அவர் காலடியில் மண்டியிட்டாள். "அப்போ போயிடுச்சுன்னு ஒரே ஒரு தடவ சொல்லுங்கய்யா. யாருக்கும் கேக்க வேண்டாம். மெதுவாச் சொன்னாப் போதும்."

ஹார்ன்பேக் கொடியைப் பார்த்தார், சிறுமியைப் பார்த்தார். அவருக்குக் கண் கலங்கியது உண்மை. "நான் விசுவாசமான மனுஷன்மா," என்றார். "எந்திரி. இப்படிக் கேக்காத."

அதற்குள் கிழக்குக் கரையில் குதிரைகள் வந்து நின்றன. காட்டருகே வசித்த யாரோ பார்த்துச் சொல்லியிருந்தார்கள். கர்னல், நீதிபதி, இரு வழக்கறிஞர்கள், பின்னால் கோர்ட்டு நாள் கூட்டத்தில் பாதி.

"ஹார்ன்பேக்!" என்று கர்னல் கூவினார். "அந்தப் பொண்ண அனுப்பிவை! வர்ஜீனியாக் கோர்ட்டு ஆணை இருக்கு!"

"எந்த வர்ஜீனியா?" என்று ஹார்ன்பேக் இக்கரையிலிருந்து கூவினார். நெடுநாள் காத்திருந்த தருணம் அது. "ஒன்றியத்துல இருக்கற வர்ஜீனியாவா, விட்டுப் போன வர்ஜீனியாவா? விட்டுப் போனதுன்னா உங்க தூதர அனுப்பிக் கேளுங்க!"

கெசையா லெட்டியை இறுக அணைத்துக்கொண்டாள். வாழ்க்கையில் முதன்முறையாக, கர்னல் ஸ்ட்ராதர் தம் கொள்கையில் உறுதியாக நிற்க வேண்டும் என்று அவள் ஆண்டவரை வேண்டினாள். கை இழந்த மனிதர். இரண்டு புதல்வர்களைப் புதைத்த மனிதர். நிற்பார் என்றே தோன்றியது.

"போகல," என்றார் கர்னல்.

"இங்க கேக்கலையே!"

"வர்ஜீனியா ஒன்றியத்த விட்டுப் போகவே இல்ல! போற உரிமை எந்த மாநிலத்துக்கும் எப்பவும் கிடையாது! போதுமா?"

கைல்ஸ் தொப்பியைக் கழற்றி, அமங்கலச் செய்தி கேட்டவர்போல் நின்றார். "கர்னல், அப்போ நாம எதுக்கு..."

"புகையிலையில புழு விழுந்திருக்குய்யா!" என்று கர்னல் சீறினார். "பொறுக்க ஆளில்ல. நீ வந்து பொறுக்கறியா?"

"கோரிக்கை எழுத்துல வேணும்," என்று ஹார்ன்பேக் தொடர்ந்தார். "மேற்கு வர்ஜீனியா மாநிலத்துக்குன்னு தலைப்புப் போட்டு."

அப்படி ஒரு மாநிலமே கிடையாது என்று நான்கு ஆண்டுகளாகக் கூறிவந்தவர் நீதிபதி மேனார்ட். அவர் கண்களை ஒருமுறை மூடித் திறந்தார். சேணத்தின்மேல் தாளை வைத்து எழுதினார். நான்கு ஆண்டுப் போரும் அத்தனை கோர்ட்டு நாட்களும் தீர்க்காத கேள்விகள் இரண்டும் மை உலர்வதற்குள் தீர்ந்தன.

ஹார்ன்பேக் சொன்ன சொல் தவறாதவர். தாயையும் மகளையும் அழைத்துக்கொண்டு ஓடையின் நடுவிலிருந்த கூழாங்கல் திட்டுக்கு வந்தார். அக்கரையினரும் இறங்கி வந்தனர். இத்தனை ஆண்டுகளில் இரு கரையாரும் கைகுலுக்கிக்கொண்டது அன்றுதான். நீதிபதி நெகிழ்ந்துபோனார்.

"இது சாதாரண விஷயமில்ல," என்றார். "பிரிஞ்ச சகோதரங்க ஒண்ணு சேர்ந்திருக்கோம். ஜெபம் பண்ணிட்டு ஒப்படைக்கலாம்."

"ஆமென் சொன்னதும் பொண்ணு உங்க கையில," என்றார் ஹார்ன்பேக்.

தொப்பிகள் கழன்றன. தலைகள் குனிந்தன. நீதிபதி படைப்பின் தொடக்கத்திலிருந்து ஆரம்பித்தார். தலைமுறைகளையும் நாடுகளையும் கடந்து, நன்றி சொல்லி முடித்து மூச்சு வாங்கினார். ஆனால் இறுதிச் சொல்லைக் கிழக்குக் கரைக்கு விட்டுக்கொடுக்க ஹார்ன்பேக்குக்கு மனம் வரவில்லை. அவரும் மெதடிஸ்ட் சபையில் ஜெபம் நடத்துகிறவர். ஆமெனுக்கு முன்பே அவர் தொடங்கிவிட்டார். அவர் மூச்சு வாங்கிய இடத்தில் நீதிபதி மீண்டும் தொடர்ந்தார்.

பழக்கத்தால் கெசையாவும் கண்களை மூடியிருந்தாள். பின்பு திறந்தாள். சுற்றிலும் குனிந்த தலைகள், மூடிய கண்கள். இத்தனை வெள்ளைக்காரர்கள் நடுவே ஒருவரும் தன்னைப் பார்க்காத நிலையில் அவள் நின்றதே இல்லை. எப்படி நிற்பது என்றுகூட ஒரு கணம் அவளுக்கு விளங்கவில்லை.

அவள் மகளின் வாயைப் பொத்தினாள். திட்டிலிருந்து நீரில் இறங்கினாள். கிழக்குக் கரை கர்னலுடையது. மேற்குக் கரை விசுவாசமான மனிதருடையது. இரண்டிலும் ஏறாமல், ஓடையின் நடுவாகவே, நீர் வந்த திசை நோக்கி நடந்தாள். நீரின் இரைச்சல் காலடியை மறைத்தது. வளைவு வரைக்கும் முதுகில் யாரோ கைவைக்கப்போவதுபோலவே இருந்தது. பின்னால் இரண்டு மாநிலங்களும் மாறிமாறி ஆண்டவருக்கு நன்றி கூறிக்கொண்டிருந்தன.

வளைவு தாண்டியதும் நீர் இடுப்புக்கு ஏறியது. லெட்டிக்கு மார்பளவு. கெசையா அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். பதினொரு வயதுப் பிள்ளை, கனத்தாள்.

"அம்மா, இந்த எடம் எந்த மாநிலம்?"

"யாருக்கும் தெரியாது கண்ணு," என்றாள் கெசையா மூச்சிரைக்க. "யார்கிட்டயும் கேட்டுடாத."